தேசூர் தறிக்குழியும் இருபதாவது மாடியும்

வந்தவாசியில் பஸ் ஏறி தேசூரில் இறங்கினேன். ஆரணிப் பட்டு ஆரணியில் மட்டும் பிறப்பதில்லை என்பது இந்த ஊர்த் தெருவில் நடந்தாலே காதில் விழுந்துவிடும். ‘டக்... டக்...’ என்று தறிச் சத்தம். நெசவு பார்க்கத்தான் போனேன். ஆனால், ஒரு வீட்டு வாசலில் மணலும் சிமென்ட்டும் குவிந்திருக்க, அங்கேயே நின்றுவிட்டேன்.

உள்ளே தறி இல்லை. நெசவாளர் காலைத் தொங்கவிட்டு மிதிக்கிற குழி மட்டும் இருந்தது. அதை மூடிக்கொண்டிருந்தவர் அந்த வீட்டு மகன். சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் அடுக்குமாடிகளில் தரைக்கு மட்டம் பிடிக்கிற மேஸ்திரி.

“டைல்ஸ் ஒட்டுறவங்களை எல்லாருக்கும் தெரியும் சார். அதுக்கு அடியில வேலை பார்க்கிற எங்களைத்தான் தெரியாது” என்று சிரித்தார்.

கான்கிரீட் தளம் பார்வைக்குச் சமமாகத் தெரியும், இருக்காது. முட்டுக் கொடுத்த பலகை கொஞ்சம் இறங்கியிருக்கும். பாரத்தில் நடுப்பகுதி லேசாகத் தொய்ந்திருக்கும். அதனால் முதலில் எல்லா அறைச் சுவர்களிலும் ஒரே மட்டத்தில் கோடு போடுவார்களாம். லேசர் கருவி இல்லாவிட்டால் தண்ணீர் நிரப்பிய டியூப் போதும். உள்ளே காற்றுக்குமிழி சிக்கினால் மட்டும் கணக்கு தப்பிவிடும். கோட்டிலிருந்து கீழே அளந்து, அங்கங்கே கலவையில் சின்னத் திட்டுகள் வைத்து, இடையில் கலவை கொட்டி மட்டப்பலகையால் இழுப்பார்கள்.

பள்ளம் இருந்தால் கலவையைக் கொட்டி நிரப்ப வேண்டியதுதானே என்று கேட்டேன். தனி வீட்டில் சரி. மாடியில் அது ஆபத்து. 1,000 சதுர அடி வீட்டில் 1 சென்டிமீட்டர் கூடுதலாகப் போட்டாலே ஏறத்தாழ 2 டன். மாடிக்கு 4 வீடு, 20 மாடி என்றால் 160 டன்! அத்தனையையும் தூணும் அஸ்திவாரமும் காலமெல்லாம் சுமக்க வேண்டும். அதனால் மேட்டைத் தேய்த்து எடுக்கிறார்கள். சில மில்லிமீட்டர் பள்ளத்துக்கு, தானே பரவி மட்டமாகும் கலவையை ஊற்றுகிறார்கள். குளியலறையில் மட்டும் மட்டம் கூடாது, வாட்டம் வேண்டும். (எங்கள் ஃபிளாட்டில் கட்டில் காலுக்கு அடியில் பத்து வருடமாக அட்டை மடித்து வைத்திருக்கிறோம். காரணம் இப்போதுதான் விளங்கியது.)

திண்ணையிலிருந்து அப்பா குரல் கொடுத்தார். “தறிக்கும் மட்டம் உண்டுங்க. படமரம் ஒரு பக்கம் சாஞ்சா, சேலையில ஒரு கரை இறுகும், ஒரு கரை தொளதொளன்னு நிக்கும்.”

குழியை மூட அவருக்கு மனமில்லை. முழங்கால் வலியில் நெசவை விட்டு, தறியையும் விற்றாகிவிட்டது. இருந்தாலும், குழி இருந்தால் என்றைக்காவது தறி போடலாமே என்று நினைத்திருக்கிறார். போன மாதம் இரவில் அம்மா அதில் கால் தவறி விழுந்த பிறகுதான் சம்மதித்தாராம்.

மகன் அவசரப்படவில்லை. இடிபாட்டைக் கொட்டி மேலே பூசினால் அந்த இடம் மட்டும் பின்னால் உள்வாங்கும். அரை அடி மணல், அதன்மேல் தண்ணீர், திமிசுக் கட்டையால் இடி. மறுபடி அரை அடி. அப்பாவும் எழுந்து வந்து ஒரு சுற்று இடித்தார். “இன்னும் இறங்குது பார்” என்றார். மகன் மறுபேச்சு இல்லாமல் இன்னும் இரண்டு சட்டி மணல் போட்டார்.

சாயங்காலம் தரை போட்டு முடிந்தது. பழைய தரை எங்கே முடிகிறது, புதியது எங்கே ஆரம்பிக்கிறது என்பது நிறத்தில்தான் தெரிந்தது, காலுக்குத் தெரியாது. மகனுக்கு மறுநாள் காலை சென்னையில் வேலை.

“ஏழு நாளைக்குத் தண்ணி ஊத்தும்மா. காய விட்டுடாதே” என்றபடி பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்.