சீனன்குடாவை அறிந்தவர்

2012இல் லண்டன் போயிருந்தபோது மச்சான் என்னைச் செல்சிக்குக் கூட்டிப்போனார். அங்குள்ள றோயல் ஹொஸ்பிட்டல் பெயருக்குத்தான் ஆஸ்பத்திரி. இரண்டாம் சார்ள்ஸ் மன்னன் 1682இல் தொடக்கிவைத்த, ஓய்வுபெற்ற படைவீரர்களின் இல்லம் அது. 2009 முதல் பெண்களையும் சேர்க்கிறார்கள். இராணுவப் பென்சனை விட்டுக்கொடுத்தால் அறை, சாப்பாடு, உடுப்பு, வைத்தியம் எல்லாம் அங்கேயே.

சிவப்புக் கோட்டோடு வாங்கில் இருந்த, 90 வயதை எட்டிய ஒருவர், நான் கிண்ணியா என்றதும் "சைனா பே!" என்றார். விமான எதிர்ப்புப் பீரங்கிப் படையில் இருந்தவராம். 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பான் விமானங்கள் வந்த விதத்தைக் கையால் காட்டினார். "மனைவி போனபிறகு எனக்கு யாருமில்லை. இங்கே காலையில் எழும்பாவிட்டால் கதவைத் தட்ட ஆளிருக்கிறது. இதற்கு எத்தனைமுறை நன்றி சொன்னாலும் போதாது" என்றார்.

அந்த நன்றியில் பொய்யில்லை. எனக்குத்தான் மனம் ஒருமாதிரியாகிவிட்டது. என் மூத்தவாப்பாவின் காக்கா அன்று சீனன்குடா விமானத்தளத்துக்குக் கூலிவேலைக்குப் போனவர். மையித்துக்கூடக் கிடைக்கவில்லை. வீட்டுக்கு ஒரு கடிதமும் வரவில்லை. பென்சனுக்கு எங்கே போவது?

சொல்லாமல் வந்திருக்கலாம். சொன்னேன். கிழவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு சட்டைப்பையிலிருந்து சிறிய கொப்பி ஒன்றை எடுத்து, பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார்.