டெக்ஸா ஊசியும் எங்கள் மாமாவும்



காய்ச்சல் என்றால் பாமசியில் டெக்ஸா குளிசை வாங்கிப் போடும் பழக்கம் நம்ம ஊர்களில் இன்னும் போகவில்லை. மறுபக்கம், "கொவிட் நேரம் அந்த ஊசியப் போட்டுத்தான் மௌத்தாக்கினாங்க" என்பவர்களும் நமக்குள்தான். எங்கள் வீட்டிலேயே இருந்தார்கள்.

2021இல் எங்கள் மாமா மௌத்தானார். கப்ரு ஓட்டமாவடியில். முதல் வாரம் காய்ச்சலும் இருமலும்தான். எழும்பி நடந்தார், கஞ்சி குடித்தார். ஒன்பதாம் நாள்தான் மூச்சு முட்டியது. வைரஸ் குறைகிற நேரத்தில் மனிதன் ஏன் விழுகிறான்? உயிரியல் படிப்பிக்கிற எங்களுக்கே இது விளங்க நாளெடுத்தது.

கிருமியைக் கண்ட கலம் டீ.என்.எப். என்ற புரதத்தை வெளியே விடும். அது பக்கத்துக் கலங்களுக்குப் போகும் செய்தி. அங்கே என்.எப்.-கப்பா-பீ என்ற புரதத்தை ஐ-கப்பா-பீ என்ற இன்னொன்று பிடித்து வைத்திருக்கும். செய்தி வந்ததும் பிடித்திருந்தது அழிந்து, விடுபட்டது கருவுக்குள் போய் அழற்சியை முடுக்கும். அதோடு நிற்காது, தன்னைப் பிடித்து வைக்கும் ஐ-கப்பா-பீயையும், ஏ20 என்ற அடக்கும் புரதத்தையும் புதிதாகச் செய்யவைக்கும். அடுப்பை மூட்டும்போதே தண்ணீர் வாளியையும் பக்கத்தில் வைப்பதுபோல. சுப்ஹானல்லாஹ்!

அதே செய்தி சிலவேளை கலத்தைச் சாகவும் சொல்லும். கஸ்பேஸ்-8 ஒழுங்காக வேலை செய்தால் கலம் சுருங்கிச் சின்னச் சின்னப் பொதிகளாகும், தின்குழியங்கள் விழுங்கிவிடும். அது தடைப்பட்டால் எம்.எல்.கே.எல். என்ற புரதம் கலமென்சவ்வைத் துளைக்கும். உள்ளிருப்பது வெளியே கொட்டும், அதைக் கண்டு சுற்றியிருப்பவையும் கொதிக்கும். தெலங்கானாவில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்யும் திருமலா தேவி கன்னெகண்டியின் குழு 2021 ஜனவரியில் காட்டியது இதற்கு நெருங்கிய விஷயம்: டீ.என்.எப்.பும் இன்டர்பெரோன்-காமாவும் சேர்ந்தால் கலங்கள் இப்படிக் கொதித்துச் சாகின்றன. இரண்டையும் தடுத்தபோது கொவிட் தொற்றிய எலிகள் கூடுதலாகப் பிழைத்தன.

கடும் கொவிட்டில் நுரையீரலைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த அடங்காத கொதிப்புத்தான். டெக்ஸா அதைத்தான் அடக்குகிறது. பிரித்தானியாவின் ரிக்கவரி ஆய்வு 2020 ஜூனில் சொன்னது: செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, ஒட்சிசன் மட்டும் பெற்றவர்களில் ஐந்தில் ஒரு பங்கு. ஒட்சிசன் தேவைப்படாதவர்களுக்குப் பயனே இல்லை. கிருமி பெருகும் நாட்களில் நம் படையை நாமே கட்டிப்போட்டால் வேறென்ன நடக்கும்?

டெங்கு என்றால் இன்னும் கவனம். அதில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். டெக்ஸா டெங்குவைச் சுகமாக்காது, காய்ச்சலை மட்டும் இறக்கி நம்மை ஏமாற்றிவிடும்.

இதையெல்லாம் மாமியிடம் சொன்னோம். கனநேரம் பேசாமல் இருந்தார். "அப்ப அந்த ஊசி பிழையில்லையா?" என்று மட்டும் கேட்டார். இல்லை மாமி என்றோம். எழும்பிப்போய் அலுமாரியிலிருந்து ஒரு குளிசைப் பட்டையைக் கொண்டுவந்தார். டெக்ஸா. முழங்கால் வலிக்கு மாதக்கணக்காகப் போடுகிறாராம், யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. இவ்வளவு நாள் போட்டதைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது, டொக்டர் சொல்லித்தான் குறைக்க வேண்டும். நாளைக் காலை கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறோம். துஆச் செய்யுங்கள்.