தொள்ளாயிரம் வெள்ளியும் எட்டு உறைகளும்

பகாவ் பக்கத்தில் நாங்கள் வேலை செய்த தோட்டத்தில், லயத்துக்குப் பின்னால் கொஞ்ச தூரம் நடந்தால் ரயில் பாதை. இரவில் வண்டி ஊதிக்கொண்டு போகும். கல்யாணமாகி வந்த புதிதில் என் மனைவி கேட்டாள்: "என்னங்க, இந்த ரயிலு எங்கேங்க போவுது?" "கிளந்தானுக்குப் போகுது" என்றேன். "கிளந்தானு எப்படி இருக்கும்?" என்றாள். எனக்கு எப்படித் தெரியும்? நான் மட்டும் போயிருக்கிறேனா!

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு முப்பத்தைந்து வருடங்கள் ஆயின. இடையில் மூன்று பிள்ளைகள், அவர்களின் படிப்பு, கல்யாணம். பால்மரங்களை வெட்டித் தள்ளிவிட்டுச் செம்பனை நட்டார்கள். 60 வயதானதும் வேலையும் முடிந்தது, தோட்டத்து வீட்டையும் காலி செய்தோம். இப்போது டவுனில் ஒரு சிறிய அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். ரயில் சத்தம் அங்கே கேட்பதில்லை.

ஒருநாள் அவளே பேச்சை எடுத்தாள். சீட்டுப் பணம் 900 வெள்ளி கைக்கு வந்த நேரம். "இதை வெச்சி நாடு சுத்திப் பார்க்க முடியுமாங்க?" என்றாள். பெரிய மகன் சிரித்தான். "அப்பா, 900 வெள்ளியில ரெண்டு பேர் எங்கே சுத்துறது? அம்மாவுக்குத் துணி துவைக்கிற இயந்திரம் வாங்கிக் கொடுங்க" என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் அவள் விடவில்லை. "முப்பத்தஞ்சு வருஷம் கையிலதான் துவைச்சேன். இன்னும் கொஞ்ச நாள் துவைச்சா கை தேஞ்சிடாது. நீங்க டிக்கெட்டு பாருங்க" என்று சொல்லிவிட்டாள்.

வெள்ளைக்காரப் பிள்ளைகள் முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு நம் நாட்டைச் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களெல்லாம் பணக்காரர்கள் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. அவர்கள் பணத்தைக் குறைத்து, நேரத்தை அதிகமாகச் செலவழிக்கிறார்கள். விமானத்துக்குப் பதில் மெதுவான ரயில், பெரிய ஓட்டலுக்குப் பதில் சின்ன அறை, உணவகத்துக்குப் பதில் சந்தை. ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளியிடம் வேறு எது இல்லாவிட்டாலும் நேரம் இருக்கிறதே!

முதலில் காலத்தைப் பார்த்தோம். நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. கிழக்குக் கரையில் வெள்ளம் வரும், கடல் கொந்தளிக்கும், தீவுகளுக்குப் படகு ஓடாது. 2014 டிசம்பர் வெள்ளத்தில் கிளந்தானில் கெமுபு ரயில் பாலமே இடிந்து போனது. அந்தப் பாதை முழுதும் மறுபடி ஓட 2018 ஆகிவிட்டது. ஆகவே 2024 ஜூலையில் புறப்படுவது என்று முடிவு செய்தோம்.

அடுத்தது கணக்கு. பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து மனைவி எழுதினாள். ரயில், பஸ், படகு எல்லாவற்றுக்கும் 300 வெள்ளி. ஆபத்துக்கு 40 வெள்ளி. மீதி 560. எட்டு நாளுக்குப் பங்கு போட்டால் நாளொன்றுக்கு 70. அதை எப்படிக் காப்பாற்றுவது? பீரோவில் தீபாவளிக்கு வாங்கி மிஞ்சிய அன்பளிப்பு உறைகள் கிடந்தன. எட்டு உறைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் 70 வெள்ளி வைத்து, மேலே திங்கள், செவ்வாய் என்று எழுதினாள். இன்றைய உறையில் மிஞ்சினால் நாளைக்குப் போகலாம். நாளைய உறையை இன்று பிரிக்கக் கூடாது. இதுதான் சட்டம். எந்தக் கிராணியும் அவளைப் போல் செக்ரோல் பார்த்ததில்லை!

மூட்டை விஷயத்தில்தான் எங்களுக்குள் சண்டை. அவள் அரிசி குக்கர் வரை எடுத்து வைத்தாள். பேரனின் பழைய பள்ளிக்கூடப் பைகள் இரண்டைக் கொண்டு வந்து, "இதுக்குள்ள அடங்கினது போதும்" என்றேன். ஆளுக்கு இரண்டு உடுப்பு, ஒரு கைலி, துண்டு, குடை, கோடாலித் தைலம், மாத்திரை, சுடுநீர் பிளாஸ்க், மைலோ பொட்டலம். முதல் நாளுக்குப் புளிச்சாதம். அடையாளக் கார்டு மறக்கக் கூடாது. 60 வயதைக் கடந்த குடிமக்களுக்கு கே.டி.எம். ரயிலில் பாதிக் கட்டணம், கார்டைக் காட்ட வேண்டும். எனக்குப் பாதி, அவளுக்கு 58 என்பதால் முழுக் கட்டணம். "வயசை மறைக்காம சொல்லி என்னா புண்ணியம்" என்று முணுமுணுத்தாள்.

திங்கட்கிழமை பகாவில் ஏறினோம். எங்கள் பழைய தோட்டத்தைக் கடந்து வண்டி போனபோது இருவரும் ஒரே பக்கம் எட்டிப் பார்த்தோம். செம்பனைதான் தெரிந்தது. அன்றிரவு ஜெராண்டுட்டில் தங்கி, மறுநாள் பஸ் பிடித்துக் கோலா தஹான் போனோம். அங்கேதான் தாமான் நெகாரா, 4,343 சதுர கிலோமீட்டர் காடு. அனுமதிச் சீட்டு ஆளுக்கு ஒரு வெள்ளிதான். அதற்கும் என்னவள் சும்மா இருக்கவில்லை. "பொறந்ததிலிருந்து மரத்துக்குள்ளேயே கிடந்தோம். இன்னும் மரம் பார்க்கக் காசா?" என்றாள்.

சம்பானில் ஆற்றைக் கடந்து காட்டுக்குள் நூறடி போயிருப்போம். அவள் நின்றுவிட்டாள். முழங்கால் வலி என்று நினைத்தேன். "நிரையே இல்லைங்க" என்றாள். எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு நானும் பார்த்தேன். உண்மைதான். நாங்கள் பார்த்த மரமெல்லாம் நிரை பிடித்து, நம்பர் போட்டு, ஆளுக்கு இத்தனை என்று நின்றவை. இங்கே ஒரு மரத்தின் வேரே சுவர் மாதிரி ஆளுயரத்துக்கு எழும்பி நிற்கிறது. அடுத்தது விரல் பருமன். ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, கொடி சுற்றி, விழுந்து கிடப்பதின் மேல் வேறொன்று முளைத்து. யாரும் வெட்டவில்லை, யாரும் நடவில்லை. நம் பாட்டன்மார் தோட்டம் போட வந்தபோது இப்படிப்பட்ட காட்டில்தானே கத்தியை வைத்திருப்பார்கள்? அட்டை கடித்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பழகிய அட்டைதான். தைலம் போட்டோம், விட்டது.

படகுச் சவாரி, மேலே கட்டியிருக்கும் தொங்கு பாலம் இவற்றுக்கெல்லாம் தனிச் செலவு. நாங்கள் அவற்றை விட்டுவிட்டு நடந்தோம். ஆற்றில் மிதக்கும் உணவுக்கடையில் சோறும் முட்டையும் சாப்பிட்டோம்.

புதன் இரவு கோலா லிப்பிஸ், அந்தக் காலத்துப் பகாங் தலைநகர். வியாழக்கிழமைதான் பெரிய ரயில் பயணம். கிம்மாஸிலிருந்து தும்பாட் வரை 526 கிலோமீட்டர், 1931-ல் முழுதும் திறந்த பாதை இது. குவா மூசாங் வந்தால் நிலையத்துக்குப் பின்னாலேயே சுண்ணாம்புக் குன்று செங்குத்தாக நிற்கிறது. டாபோங் பக்கம் ஆறும் மலையும் மாறி மாறி வருகின்றன. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் காய்கறிக் கூடையோடு பெண்களும் ஏறி இறங்குகிறார்கள். சாலையில் காரில் போகிறவர்களுக்கு இது கிடைக்காது.

எதிர் இருக்கையில் ஒரு மலாய்ப் பெரியவர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேச்சுவாக்கில் அவர் சொன்னார்: ஜப்பானியர் காலத்தில் இந்தப் பாதையில் பல மைல் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்து, சயாம் - பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள், போர் முடிந்தபின் மறுபடி போட்டு முடிக்க 1950-கள் ஆயின.

என் மனைவியின் தாத்தா 1943-ல் தோட்டத்திலிருந்து சயாமுக்குக் கொண்டுபோகப்பட்டவர். திரும்பவில்லை. நம் தோட்டங்களிலிருந்து போய்த் திரும்பாத பல்லாயிரம் பேரில் ஒருவர். "தண்டவாளம் போடப் போன மனுஷன்" என்று மட்டும்தான் அவள் பாட்டி சொல்வாராம். பெரியவர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப இங்கே கழட்டினதைத்தான் அங்கே அவரு தூக்கினாரோ என்னமோ" என்றாள். வாக்காப் பாரு வரும்வரை சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இனி எங்கள் முட்டாள்தனத்தைக் கேளுங்கள். கிளந்தானில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். கெடாவிலும் திரெங்கானுவிலும் அப்படித்தான். தெரிந்த விஷயம்தான், ஆனால் நோட்டுப் புத்தகத்தில் அதை யோசிக்கவே இல்லை. வியாழன் மாலை கோத்தா பாருவில் போய் இறங்கினால், மலிவான விடுதி எல்லாம் நிரம்பிவிட்டது. ஐந்தாவது இடத்தில்தான் அறை கிடைத்தது, 110 வெள்ளி. இருட்டுகிற நேரம், அவள் முழங்கால் வீங்கியிருந்தது. வேறு வழியில்லை. வெள்ளிக்கிழமை உறையைப் பிரித்தோம். சட்டம் போட்டவளே அதை மீறியதில் அவளுக்கு என் மேல் கோபம்! மறுநாள் காலை பக்கத்துச் சந்தில் ஒரு சீனக் கிழவர் நடத்தும் விடுதியில், மின்விசிறி அறை 45 வெள்ளிக்குக் கிடைத்தது. ஆகவே நீங்கள் போவதென்றால் முதல் இரவுக்காவது பிள்ளைகளைக் கொண்டு போனில் அறையைப் பதிவு செய்துவிடுங்கள். மற்ற நாளில் போய்ப் பார்த்து, கட்டிலைத் தட்டிப் பார்த்து எடுப்பதே மேல்.

வெள்ளிக்கிழமை கையில் காசு குறைவு. நான் அறையிலேயே இருக்கலாம் என்றேன். "ரயிலு எங்கே முடியுதுன்னு பார்க்கணும்" என்றாள். மறுபடி வாக்காப் பாரு போய், தும்பாட் வரை டிக்கெட் எடுத்தோம். வண்டி நின்றது. எல்லோரும் போன பிறகு மேடையின் ஓரம்வரை நடந்தோம். அதற்கு மேல் போக முடியாது என்று தண்டவாளம் முடிகிறது. அங்கே பார்க்க ஒன்றுமில்லை, புல்தான். அவள் குனிந்து இரும்பைத் தொட்டுப் பார்த்தாள். வெயிலில் சுட்டிருக்க வேண்டும், கையை எடுத்துவிட்டாள். பிறகு ஊரில் விசாரித்து மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். தாத்தா பெயருக்கு ஒரு மோட்ச விளக்கு ஏற்றினாள். அது எந்த உறையில் சேரும் என்று நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை சித்தி கதிஜா சந்தை. பெரும்பாலும் பெண்களே நடத்தும் சந்தை. காய்கறிக் குவியலுக்கு நடுவில் ராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். மாடியில் நாசி கெராபு வாங்கினோம். சங்குப் பூ போட்டு நீல நிறமாக்கிய சோறு, வறுத்த தேங்காய், பச்சிலைகள், மீன். நீலச் சோற்றைக் கண்டு முகம் சுளித்தவள் ஒரு பருக்கை விடவில்லை. மாலையில் சாஹாயா பூலான் கடற்கரைக்குப் போய்த் தென்சீனக் கடலில் கால் நனைத்தோம். போர்ட்டிக்சன் கடலைவிட அலை பெரிது. குளிக்க இறங்குகிறவர்கள் ஜாக்கிரதை.

கோத்தா பாருவிலிருந்து பட்டர்வொர்த்துக்கு இரவு பஸ்ஸில் போனால் ஒரு இரவு அறைக் காசு மிச்சம். மலிவாகப் பயணம் செய்கிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். நாங்கள் பகல் பஸ் எடுத்தோம். 1982-ல் திறந்த கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை அது. ஜெலி தாண்டியதும் மலைமேல் ஏறுகிறது, யானை கடக்கும் இடம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். தெமெங்கோர் ஏரியின் மேல் பாலம் வரும்போது பஸ்ஸில் தூங்கினவர்கள்கூட எழுந்து பார்த்தார்கள். யானை வரவில்லை, சாணம்தான் தெரிந்தது. அதைக்கூட இரவில் பார்த்திருக்க முடியாதே! பட்டர்வொர்த்தில் இறங்கி, அன்று மாலையே சில்லறைக் காசில் பினாங்குக்குப் பெரி ஏறிப் போய் வந்தோம். மறுநாள் மின்சார ரயிலில் கிம்மாஸ். அந்த டிக்கெட்டை மட்டும் மகள் முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தாள், கடைசி நேரத்தில் இடம் கிடைப்பது கஷ்டம்.

வீட்டுக்கு வந்ததும் மகன் கேட்ட முதல் கேள்வி, "கடன் எவ்வளவு?" என்பது. அவள் நோட்டுப் புத்தகத்தை அவன் கையில் கொடுத்தாள். ஆபத்துக் காசு 40-ல் ஒன்பது போக 31 வெள்ளி மிச்சம். அந்த ஒன்பதும் முழங்காலுக்கு வாங்கிய பட்டைக்குப் போனது.

அந்த 31 வெள்ளியை அவள் என்னிடம் தரவில்லை. இன்னொரு தீபாவளி உறையில் போட்டு, மேலே "திரெங்கானு" என்று எழுதி, சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். மாதம் பத்து, இருபது சேர்கிறது. துணி இன்னும் கையில்தான் துவைக்கிறாள். இப்போது நானும் பிழிந்து கொடுக்கிறேன்.