கண்ணுக்கு எட்டாத புண்

தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் எல்லைப்புற ஊர் எங்கள் வேப்பனப்பள்ளி. மூன்று மொழிகளையும் ஓரளவு அறிந்த நான், என் உடலில் தோன்றிய ஒரு நோயை வெளியே சொல்ல நாவெழாமல் ஈராண்டுகள் ஊமையாய் இருந்தேன்.

நாள்தோறும் கிருஷ்ணகிரி வழியாக ஓசூர் ஆலைக்கு இருசக்கர வண்டியில் சென்று வந்த காலம் அது. பிட்டங்களுக்கு இடையே, வால் எலும்பின் மேல் ஒரு கட்டி. உடைந்து சீழ் வடியும்; ஆறியதுபோல் தோன்றும்; மறுபடி வீங்கும். மூலம் என்று நானே முடிவு செய்து, களிம்பு பூசி மறைத்தேன். இறுதியில் மருத்துவரிடம் சென்றபோது அது தோலுக்கடியில் பல கிளைகளாகப் புரையோடியிருந்தது.

'பைலோனிடல் சைனஸ்' என்றார் அவர். மயிர்க்கூடு என்பது அந்த இலத்தீன் சொற்களின் பொருள். உதிர்ந்த முடி, உராய்வினாலும் அழுத்தத்தினாலும் தோலைத் துளைத்து உட்புகுந்து சீழ்பிடிக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைவீரர் ஏறக்குறைய 80,000 பேர் இந்நோயால் மருத்துவமனை சேர்ந்தனர். 'ஜீப் நோய்' என்றே அதற்குப் பெயர் வழங்கியது. அதைக் கேட்ட பின்னரே என் வெட்கம் சற்றுத் தணிந்தது.

முதல் அறுவையில் நடுக்கோட்டிலேயே தையலிட்டனர். மூன்றாம் வாரம் தையல் விட்டுப்போயிற்று. ஆழமும் ஈரமும் உள்ள அப்பள்ளத்தில் நடுத்தையல் எளிதில் ஆறுவதில்லை. திறந்த புண்ணோ அடியிலிருந்து சதை வளர்ந்து மேலேறி வரவேண்டும். மேல்தோல் முந்திக்கொண்டு மூடினால் உள்ளே மீண்டும் சீழ் கோக்கும். என் கண்ணுக்கு எட்டாத இடம் அது. நான் ஈராண்டு மறைத்ததை என் மனைவி ஐந்து மாதங்கள், முகம் சுளிக்காமல், கழுவிக் கட்டினாள்.

அப்படியும் முழுதாக ஆறாமையால் மீண்டும் அறுவை. இம்முறை நோயுற்ற பகுதியைச் சாய்சதுர வடிவில் அகற்றி, அருகிலுள்ள தோலை அதன் அடிக்கொழுப்போடு திருப்பி மூடினர். பள்ளத்தின் ஆழம் குறைந்தது. தையலும் நடுக்கோட்டை விட்டு விலகி அமைந்தது. இரண்டு வாரத்தில் தையல் பிரித்தனர். ஆறாம் வாரம் நாற்காலியில் அமர்ந்து உணவருந்தினேன். அன்று உண்ட களியே எனக்கு விருந்து.

இனி வரவே வராது என்று எவரும் உறுதி கூறவில்லை. இம்முறையில் வாய்ப்பு குறைவு என்றனர். அவ்விடத்தில் முடி சேராமல் தூய்மை காக்கிறேன். நெடுநேரம் ஓரிடத்தில் அமர்வதில்லை.

அண்மையில் ஆலைப் பேருந்தில், இருக்கை காலியாக இருந்தும் நின்றே வந்தான் ஓர் இளைஞன். மூன்று நாள் பார்த்தேன். நான்காம் நாள், "உட்கார முடியவில்லையா, தம்பி?" என்று மெல்லக் கேட்டேன். அவன் முகத்தில் என் பழைய வெட்கத்தைக் கண்டேன். அந்த ஞாயிறு மருத்துவரிடம் அவனுக்குத் துணையாகச் சென்றேன்.