தமிழறியாத தமிழ்ப்பட இயக்குநர்

என் அப்பாச்சி சிறுமியாயிருந்தபோது யாழ்ப்பாணத்தில் 'மீரா' படம் பார்த்தவர். அதன் பாடல்களை அவர் முணுமுணுக்காத நாளில்லை. அப்படத்தை இயக்கியவர் ஓர் அமெரிக்கர் என்றும், அவருக்குத் தமிழ் தெரியாதென்றும் சில ஆண்டுகளுக்கு முன் நான் சொன்னபோது, "விசர்க்கதை கதையாதை மோனை" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் பாடத் தொடங்கினார்.

அந்த அமெரிக்கரின் பெயர் எல்லிஸ் ஆர். டங்கன். 1909 இல் ஒஹாயோ மாநிலத்தின் பார்ட்டன் என்னும் சிற்றூரிற் பிறந்தவர். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்திற் திரைக்கலை பயின்றபோது, மாணிக் லால் டாண்டன் என்ற இந்திய மாணவர் அவருக்கு நண்பரானார். அவருடைய அழைப்பை ஏற்று 1935 இல் இந்தியா வந்த டங்கன் பதினைந்து ஆண்டுகள் தங்கிவிட்டார்.

அவர் இயக்கிய 'சதிலீலாவதி' 1936 இல் வெளிவந்தது. எஸ். எஸ். வாசன் எழுதிய கதை. நண்பனைக் கொன்றுவிட்டதாக எண்ணிய கதாநாயகன் ஓடி ஒளிவது நம் இலங்கைக்கே. இங்கே தேயிலைத் தோட்டத்திற் கூலியாக வேலை செய்கிறான். நமது மலைநாட்டிற் பிறந்த எம். ஜி. இராமச்சந்திரன் சிறு வேடமொன்றில் முதன்முதலாகத் திரையில் தோன்றியதும் இப்படத்திலேதான்.

தமிழ் தெரியாமல் எவ்வாறு இயக்கினார்? வசனங்களின் பொருளை ஆங்கிலத்தில் அறிந்துகொண்டு, உச்சரிப்பை உதவியாளர் பொறுப்பில் விட்டுவிடுவார். தாம் கவனித்தது முகத்தையும் ஒளியையும் கமெராவின் அசைவையுமே. 1937 இல் வந்த 'அம்பிகாபதி'க்காக, சேக்சுபியரின் 'றோமியோவும் யூலியத்தும்' நாடகத்திற் காதற்காட்சிகளைக் குறித்து, வசனகர்த்தா இளங்கோவனிடம் கொடுத்தார். இளங்கோவனோ அவற்றை நல்ல தமிழாக்கினார். நாடக மேடைப் பாணியிற் கிடந்த திரைவசனம் புதுநடை கொண்டது இப்படி ஒரு கூட்டுறவிலேதான். மொழி தெரிந்தவர் ஒருவர், காட்சி தெரிந்தவர் ஒருவர்.

1940 இல் 'சகுந்தலை', 1945 இல் 'மீரா'. இரண்டிலும் எம். எஸ். சுப்புலட்சுமியே நாயகி. மீராவுக்காக அவருடைய முகத்தைச் சாந்துச் சிலையாக வார்ப்பித்து, எந்தக் கோணத்தில் ஒளி விழுந்தால் எவ்வாறு தோன்றும் என்று ஒளிப்பதிவாளருடன் சேர்ந்து டங்கன் சோதித்துப் பார்த்தாராம். பக்தியைப் பற்றி அவருக்கு என்ன தெரியுமோ நான் அறியேன். அப்பாச்சியின் கண்ணில் எழுபதாண்டு கழிந்தும் அந்த முகம் நின்றது.

குறைகளும் உண்டு. 1950 இல் வந்த 'பொன்முடி'யின் காதற்காட்சிகள் அளவுமீறியவை என்று அக்காலத்தவர் கண்டித்தனர். அதே ஆண்டில் வெளியான 'மந்திரி குமாரி'யை முடிக்குமுன்பே அவர் நாடு திரும்பினார், எஞ்சியதை டி. ஆர். சுந்தரம் முடித்தார். குண்டலகேசியிற் சில பாடல்களே நமக்கு எஞ்சியுள்ளன. அக்காப்பியக் கதையினின்று பிறந்த ஒரு படத்தை ஒஹாயோக்காரர் இயக்கினார் என்பதை வகுப்பிற் சொல்லும்போது மாணவர் சிரிப்பர். பின்னர் மேற்கு வர்ஜீனியாவில் ஆவணப்படங்கள் எடுத்து வாழ்ந்த டங்கன், 2001 இற் காலமானார்.

இவரைப் பற்றி நான் படித்தறிந்தது, அப்பாச்சியிடம் சொன்னதற்குச் சில நாட்களுக்கு முன்னரே. அதற்கு முந்திய ஆண்டில், வெளிநாட்டில் வளர்ந்து பெற்றோருடன் திரும்பிய மாணவனொருவன், கல்லூரி நாடகத்தைத் தான் நெறிப்படுத்தலாமா என்று கேட்டான். எந்தக் காட்சியில் யார் எங்கே நிற்கவேண்டுமென்று ஒரு கொப்பி நிறையப் படம் வரைந்து வந்திருந்தான். நான் அதைப் புரட்டிப் பார்க்கவுமில்லை. "ஒருவரி பிழையின்றி எழுதத் தெரியாத நீ தமிழ் நாடகத்தை நெறிப்படுத்துவதோ?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன். திரை இழுக்கும் வேலையைக் கொடுத்தேன். அதை ஒழுங்காகச் செய்தான். அடுத்த ஆண்டு அவன் ஒன்றுங் கேட்கவில்லை. அதன் பின்னர் குடும்பத்துடன் மீண்டும் போய்விட்டான். அந்தக் கொப்பியில் என்ன இருந்தது என்று இப்பொழுது அறிய வழியில்லை.

இவ்வாண்டு நாடகத்துக்கு ஆள் சேர்க்கும்போது, தமிழிற் புள்ளி கூடியவர்களை எழுந்து நிற்கும்படி சொல்லும் என் வழக்கத்தை விட்டு, யாருக்கு ஆசை என்று மட்டும் கேட்டேன். பதினொரு கைகள் உயர்ந்தன. அவற்றில் நான்கு பின்வாங்கிலிருந்து.