மேஸ்திரி சீட்டும் சர்வேயர் நோட்டும்

தண்ணீர் நின்ற கோடு ஜன்னலுக்கு ஒரு சாண் கீழே பழுப்பாகத் தெரிகிறது. ஹால், சமையலறை, படுக்கையறை எல்லாவற்றிலும் அதே உயரம். இன்சூரன்ஸ் சர்வேயர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். குசலம் எதுவும் கிடையாது. பையிலிருந்து டேப்பை எடுத்தார், தரையிலிருந்து கோடு வரை பிடித்தார், டேப்போடு சேர்த்துப் படம் எடுத்தார். பிறகு அடுத்த அறை. பின்னாலேயே அக்கா, அவளுக்குப் பின்னால் நான். மாமா மட்டும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

கடலூரை ஒட்டிய பெரியகங்கணாங்குப்பத்தில் இருக்கிறது வீடு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, மாடியில் போட்டிருந்த சீட் கூரை பிய்ந்து போனதோடு சரி. ஆனால் கரையைக் கடந்த பிறகும் புயல் நகராமல் நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர். டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். தென்பெண்ணை ஆறு வீட்டுக்குள் வந்துவிட்டது.

அரசு அறிவித்த 2,000 ரூபாய் நிவாரணத்தைத்தான் எல்லோரும் எதிர்பார்த்திருந்தார்கள். இன்சூரன்ஸ் என்று ஒன்று இருப்பது யாருக்கும் நினைவில் இல்லை. 2022-ல் வீட்டுக்கடன் வாங்கியபோது வங்கியே பிரீமியத்தைப் பிடித்துக்கொண்டு பாலிசி போட்டிருக்கிறது. கிளைக்குப் போய்க் கேட்டதும் கடன் ஃபைலிலிருந்து நகல் எடுத்துக் கொடுத்தார்கள். பாரத் கிருஹ ரக்ஷா. 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் எல்லாம் ஒரே வாசகத்தில் விற்கும் வீட்டு பாலிசி இதுதான்.

அதைப் படித்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. கட்டடம் என்றால் நான்கு சுவர் மட்டுமல்ல. காம்பவுண்ட் சுவர், கேட், போர்டிகோ, செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதில் அடக்கம். வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காதவரை, கட்டடத்துக்கு எடுத்த தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை வீட்டுச் சாமான்களுக்கும் உண்டு. இடிபாடுகளை அள்ளிப்போடும் செலவுக்குக்கூட ஒரு சிறு தொகை இருக்கிறது. இது தெரிவதற்குள், ஊறி உப்பிப்போன பிளைவுட் பீரோவை அக்கா காயலான் கடைக்காரரிடம் தள்ளிவிட்டிருந்தாள்.

“பீரோ போட்டோ இருக்காம்மா?” என்றார் சர்வேயர்.

“நாத்தம் தாங்கல சார். தூக்கிப் போட்டாப் போதும்னு இருந்துச்சு.”

அவர் நோட்டில் ஏதோ எழுதி அடித்தார். ஃபிரிட்ஜ் நல்லவேளை இன்னும் பின்வாசலில் கிடந்தது. கதவைத் திறந்து, உள்ளே ஒட்டியிருந்த மாடல் எண், சீரியல் எண் ஸ்டிக்கரை முதலில் படம் எடுத்தார். வாஷிங் மெஷினுக்கும் அப்படியே.

சமையலறைக் கதவு நிலைக்கு மேலே ஒரு விரிசல் சாய்வாக ஓடுகிறது. வெள்ளத்தில் வந்தது என்று அக்கா சத்தியம் செய்யாத குறை. சர்வேயர் நாற்காலியில் ஏறி, பேனா முனையால் விரிசலுக்குள் லேசாகச் சுரண்டினார். “உள்ள பாருங்க. பெயின்ட் இறங்கியிருக்கு. நீங்க கடைசியா வெள்ளையடிக்கும்போதே இது இருந்திருக்கு. புதுசா விட்ட விரிசல்னா உள்ள சிமென்ட் கலர் சுத்தமாத் தெரியும்.” பிறகு கீழே இறங்கி, கோட்டுக்குக் கீழே இருந்த பூச்சை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார். சில இடத்தில் ‘டொக் டொக்’ என்று வெற்றுச் சத்தம். பூச்சு செங்கல்லை விட்டுப் பிரிந்துவிட்டது என்று அர்த்தம். அந்த இடங்களை மட்டும் சாக்பீஸால் சுற்றி வளைத்து நீள அகலம் எடுத்தார். எதைத் தள்ளினாரோ அதற்கும் காரணம் சொன்னார். இப்படி வேலை தெரிந்தவரோடு சண்டை போட முடியாது, போடவும் தேவையில்லை.

சண்டை வந்தது மேஸ்திரியின் சீட்டால்தான்.

முதல் நாளே வந்து பார்த்துவிட்டுப் போனவர் அவர். டேப் எதுவும் பிடிக்கவில்லை. கண்ணாலேயே வீட்டை ஒரு சுற்று சுற்றிவிட்டு, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்: ‘வீடு ரிப்பேர் வேலை மொத்தம் 2,10,000.’ கீழே ஒரு கையெழுத்து.

சர்வேயர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காலண்டரில் டிசம்பர் 4 இருந்தது. “இதை வெச்சு நான் என்னங்க பண்றது? பூச்சு எத்தனை சதுர அடி, ரேட் என்ன, கதவு எத்தனை, எதுவுமே இல்லையே.”

மாடிக் கூரைக்கு வெல்டர் கொடுத்த கொட்டேஷனை அவர் உடனே வாங்கி வைத்துக்கொண்டார். பைப் சைஸ், சீட் எத்தனை சதுர அடி, கூலி தனி, கடையின் ஜி.எஸ்.டி எண் என்று எல்லாம் அதில் இருந்தது. வெல்டர் மேஸ்திரியைவிட நேர்மையானவர் என்றில்லை. அவர் தொழிலில் ரன்னிங் அடிக் கணக்கு பழக்கம். மேஸ்திரி தொழிலில் ‘மொத்தமா பேசிக்கலாம்’ பழக்கம். இன்சூரன்ஸ்காரருக்கோ அயிட்டம் அயிட்டமாக வேண்டும். பொதுப்பணித் துறை விலைப்பட்டியலை வைத்து ஒவ்வொரு வரியையும் ஒத்துப் பார்ப்பது அவர் வேலை. வரியே இல்லை என்றால் அவர் தன் கணக்கைப் போடுவார். அது எப்போதும் குறைவாகத்தான் இருக்கும்.

மேஸ்திரியை வரச்சொல்லி டீக்கடையில் உட்கார வைத்துக் கேட்டதில் விவரம் கழன்றது. வெள்ளம் தொட்ட வேலைகள் 1,63,400 ரூபாய்க்குத்தான். மீதி 46,600 போர்டிகோவுக்கு டைல்ஸ் போடுவதற்கும், சமையலறையில் புது லாஃப்ட் கட்டுவதற்கும். “இன்சூரன்ஸ்தானக்கா குடுக்குது, கூட ஏத்தி வெச்சேன். உங்களுக்காகத்தான்” என்றார். இந்த உதவி யாருக்கும் வேண்டாம். டைல்ஸைப் பார்த்துவிட்டால் சர்வேயர் நியாயமான பூச்சு வேலையையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

ஆனாலும் மேஸ்திரி பக்கத்து நியாயம் ஒன்று உண்டு. தெரு முழுக்க ஒரே நேரத்தில் வேலை. சித்தாள் கிடைக்கவில்லை, மணல் விலை ஏறிவிட்டது. அரசுப் பட்டியல் விலைக்கு இந்த மாதத்தில் யாரும் வரமாட்டார்கள். அதனால்தான் கடையில் வாங்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் பில் வேண்டும் என்று சர்வேயரே சொன்னார்.

பாதிப் பணம் முன்பணமாகக் கேட்டார் மேஸ்திரி. அக்கா அசையவில்லை. பொருளை நாங்களே வாங்கித் தருகிறோம், கூலி சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை என்றாள். பொங்கலுக்குள் பட்டி பார்த்து பெயின்ட் அடித்துவிடலாம் என்று அவர் சொன்னதையும் மாமா ஒப்புக்கொள்ளவில்லை. ஈரச் சுவரில் பட்டி போட்டால் உப்புப் பூத்து உதிரும் என்பது கட்டட வேலை பார்க்கும் யாருக்கும் தெரிந்ததுதான். மேஸ்திரியின் அவசரமெல்லாம் அடுத்த வீட்டு வேலைக்கு ஓட வேண்டும் என்பதுதான்.

இன்னொரு சிக்கல் சர்வேயர் கிளம்பும்போதுதான் தெரிந்தது. பாலிசியில் வங்கியின் பெயர் இருப்பதால் பணம் முதலில் வங்கிக்குத்தான் போகும். ரிப்பேருக்கென்று விடுவிக்கக் கோரி கிளையில் ஒரு கடிதம் கொடுத்து வைக்கச் சொன்னார். கொடுக்காவிட்டால் கடன் கணக்கிலேயே வரவு வைத்துவிடக்கூடும்.

2024 ஜூனில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் பிறப்பித்த விதிப்படி, இழப்பைத் தெரிவித்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும். அவர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும், அறிக்கை வந்த 7 நாளில் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். சர்வேயருக்கு நாம் ஒரு பைசா தர வேண்டியதில்லை. அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கலாம். முடிவு சரியில்லை என்றால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 50 லட்சம் வரையிலான வழக்குகளை அங்கே கட்டணமில்லாமல் விசாரிக்கிறார்கள். வக்கீல் வேண்டாம்.

அக்காவுக்கு அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. விரிசலும் பீரோவும் போக, பிரித்து எழுதிய புதுச் சீட்டில் பெரும்பகுதியை நிறுவனம் ஏற்றுக்கொண்டது. வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருப்பவர்கள், அடுத்த வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்பே கிளைக்குப் போய் பாலிசி நகலைக் கேட்டு வாங்கிவிடுங்கள். தொகை எவ்வளவு, எந்தத் தேதி வரை என்று பாருங்கள். அப்படியே வீட்டுச் சாமான்களையும் ஒவ்வொன்றாகப் படம் எடுத்து, வீட்டில் இல்லாத ஒருவருக்கு அனுப்பி வையுங்கள்.