ஆர்ர துவக்கு?

என்னிடம் படித்தவன், இப்போது 1990 அம்புலன்ஸில் வேலை. பெருநாள் லீவில் வீட்டுக்கு வந்திருந்தான். வயலோரம் பன்றிக்குக் கட்டிய துவக்கு வெடித்துக் கால் சிதைந்தவர்களையும் ஏற்றியிருக்கிறானாம்.

“வலியில ஏசுவாங்க சேர், தள்ளியும் விடுவாங்க. பொலிசுக்குப் பயம். ‘ஆர்ர துவக்கு’ எண்டு நான் கேக்கவே மாட்டன். பேரச் சொல்லிக் கூப்பிட்டு, காயத்த அழுத்திப் பிடிச்சிக்கிட்டே கதைப்பன்.”

சட்டம் இல்லையா என்றேன்.

“1916லயே வந்திட்டு சேர். லைசன்ஸ் துவக்குக்குச் சொந்தக்காரன் இருக்கான். கம்பியில கால் பட்டா வெடிக்கிற துவக்குக்கு ஆரு சொந்தம்? அதுகளப் பிடிக்கத்தான் வேணும். ஆனா, பயிரக் காப்பாத்த வழி காட்டாமப் பிடிச்சா, இன்னொண்டு கட்டுவாங்க.”

பிந்தி வரும் பிள்ளையிடம் “ஏன்?” என்றே கேட்டுப் பழகியவன் நான். லீவு முடிந்த முதல் நாள், “சாப்பிட்டியா?” என்று கேட்டேன்.